பழி விரலுக்கு மட்டும்தானா?

இந்த வாரம் கொஞ்சம் கம்ப்யூட்டர் கதை. அந்த வார்த்தையைப் பார்த்ததும் பக்கத்தை மூடிவிடாதீர்கள். பேரேட்டில் சிவப்பு மையால் அடித்துச் சுருக்கொப்பம் போட்டவர்கள், ரயில்வே கேட்டில் காத்து நின்றவர்கள், வீட்டில் குக்கர் வைத்தவர்கள், எல்லோருக்கும் புரிகிற விஷயம்தான்.

இன்றைக்குக் கம்ப்யூட்டர் என்றால் படம், பொத்தான், மௌஸ். செல்போன் என்றால் விரலால் ஒரு தட்டு. நான் வேலை பார்த்த காலத்தில் கறுப்புத் திரை, அதில் பச்சை எழுத்து, ஓரத்தில் விட்டு விட்டு மின்னும் ஒரு கோடு. அந்தக் கோடு இருக்கும் இடத்தில் நாம் ஒரு கட்டளையைத் தட்டி என்டர் அழுத்தினால் இயந்திரம் அதைச் செய்யும். அவ்வளவுதான் அதற்கும் நமக்கும் பேச்சு. 'அந்தக் காலத்துச் சமாசாரம், போய்விட்டது' என்று நினைக்கக் கூடாது. நீங்கள் இந்தப் பதிவைப் படிப்பதற்கு உதவுகிற சர்வர்களை நிர்வகிப்பவர்கள் இன்றும் பெரும்பாலும் அதே மாதிரி ஒரு திரையில்தான் தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் ஈ.டி.பி. செக்ஷனில் இருந்தேன். பெயர் வேண்டாம், பென்ஷன் இன்னும் அங்கிருந்துதான் வருகிறது! நடுவில் ஒரு யூனிக்ஸ் கம்ப்யூட்டர், அதிலிருந்து வயர் இழுத்துப் பன்னிரண்டு டெர்மினல். சம்பளம், பி.எஃப்., கடன் பிடித்தம் எல்லாம் அதில்தான்.

யூனிக்ஸில் ஒரு ஃபைலை அழிக்க இரண்டே எழுத்து போதும். 'ஆர்.எம்.' என்று தட்டி, பக்கத்தில் ஃபைல் பெயரைத் தட்டி, என்டர் அழுத்த வேண்டும். பெரும்பாலும் அது எதையும் கேட்காது. அழித்த பிறகு 'அழித்துவிட்டேன்' என்றும் சொல்லாது. கோடு அடுத்த வரியில் வந்து மறுபடி மின்னும். குப்பைத்தொட்டி என்று ஒன்று கிடையாது. போனது போனதுதான்.

இதை உருவாக்கியவர்கள் முட்டாள்கள் இல்லை. 1969-ல் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் கென் தாம்ஸன், டென்னிஸ் ரிட்சி முதலானவர்கள் தொடங்கிய வேலை அது. உலகத்தின் மிக நல்ல மூளைகளில் அவர்களுடையதும் சேர்த்தி. ஆனால் அப்போது பலருக்கும் முன்னால் இருந்தது திரை இல்லை, டெலிடைப் இயந்திரம். தந்தி ஆபீஸில் டெலிபிரிண்டர் பார்த்தவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியும். பெயர் பெற்ற 'மாடல் 33' டெலிடைப் நொடிக்குப் பத்து எழுத்து அச்சடிக்கும். எண்பது எழுத்து உள்ள ஒரு வரியை அது அடித்து முடிக்க எட்டு நொடி ஆகும். விசைகளை வேறு அழுத்தி அழுத்தித் தட்ட வேண்டும்.

எட்டு நொடிக்கு ஒரு வரி என்றால் யாருக்குத்தான் பேசப் பிடிக்கும்? அதனால் இரண்டு பக்கமும் வாயைக் கட்டினார்கள். மனிதன் தட்டுவது இரண்டெழுத்தாகச் சுருங்கியது. பட்டியல் போட எல்.எஸ்., நகல் எடுக்க சி.பி., இடம் மாற்ற எம்.வி., அழிக்க ஆர்.எம். இயந்திரமும், வேலை ஒழுங்காக முடிந்தால் சும்மா இருக்கக் கற்றுக்கொண்டது. தவிர, அதைப் பயன்படுத்தியவர்கள் எல்லோரும் நிபுணர்கள். பக்கத்து அறையில் இருப்பவர்தான் அதை எழுதியவர். ஏதாவது கெட்டுப்போனால் கதவைத் தட்டிக் கேட்டுவிடலாம்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. டெலிடைப் போய்த் திரை வந்தது. நிபுணர் போய் குமாஸ்தா வந்தார். அந்த இரண்டெழுத்தும் அந்த மௌனமும் மட்டும் அப்படியே நின்றுவிட்டன. காரணம் போன பிறகும் பழக்கம் போகவில்லை.

இதை அன்றைக்கே ஒருவர் சொன்னார். டொனால்ட் நார்மன், கலிபோர்னியாவில் உளவியல் பேராசிரியர். 1981-ல் 'டேட்டாமேஷன்' பத்திரிகையில், யூனிக்ஸின் உள்கட்டுமானம் அழகு, ஆனால் மனிதனிடம் அது காட்டும் முகம் மோசம் என்று விலாவாரியாக எழுதினார். பெயர்களில் ஒழுங்கில்லை, நடந்ததைச் சொல்வதில்லை, மனிதன் மறப்பான், தடுமாறுவான் என்ற நினைப்பே இல்லை என்பது அவர் வாதம். யூனிக்ஸ் பக்தர்கள் பலருக்குக் கோபம் வந்தது. 'தெரிந்தவனுக்கு இதெல்லாம் பிரச்சினையே இல்லை' என்பது அவர்கள் பதில்.

அந்தப் பதிலுக்கு என்ன விலை என்பதை எங்கள் ஆபீஸில் பார்த்தேன்.

1990-களின் நடுப்பகுதி. மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல் ஓடி முடிந்ததும், கணக்குப் போட உதவிய தற்காலிக ஃபைல்கள் நூற்றுக்கணக்கில் மிஞ்சும். எல்லாவற்றின் பெயரும் '.டெம்ப்' என்று முடியும். அவற்றை அழித்து இடத்தைக் காலி செய்வது இளைய ஆபரேட்டரின் வேலை. ஒவ்வொன்றாக அழித்தால் பொழுது விடிந்துவிடும். அதற்கு ஒரு குறுக்குவழி உண்டு, நட்சத்திரக் குறி. யூனிக்ஸில் நட்சத்திரம் என்றால் 'எதுவாக இருந்தாலும்' என்று அர்த்தம். ஆகவே தட்ட வேண்டியது இது:

ஆர்.எம். *.டெம்ப்

அன்று தட்டப்பட்டது இது:

ஆர்.எம். * .டெம்ப்

வித்தியாசம் தெரிகிறதா? இன்னொரு முறை பாருங்கள். நட்சத்திரத்துக்கும் புள்ளிக்கும் நடுவில் ஒரு இடைவெளி. தமிழில் 'பலகை' என்று எழுதும்போது நடுவில் ஒரு இடம் விட்டால் 'பல கை' ஆகிவிடும். இங்கே அதைவிட மோசம். 'டெம்ப் என்று முடியும் எல்லாவற்றையும் அழி' என்பது, 'எல்லாவற்றையும் அழி, அதன்பின் .டெம்ப் என்ற ஒன்றையும் அழி' என்று மாறிவிட்டது.

இயந்திரம் கேள்வி கேட்கவில்லை. அந்த டைரக்டரியில் இருந்த அந்த மாதப் பி.எஃப். கணக்கு, கடன் பிடித்தம், எல்லாவற்றையும் ஒரு மூச்சில் துடைத்தது. பிறகு ஒரே ஒரு வரி சொன்னது. '.டெம்ப் என்ற ஃபைல் இல்லை.' ஆயிரக்கணக்கான பேருடைய கணக்கை அழித்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அழிக்க முடியாமல் போன ஒன்றைப் பற்றி மட்டும் புகார்!

டேப்பில் நகல் இருந்தது, ஆனால் அது முந்தின சனிக்கிழமை எடுத்தது. அன்றைக்கு புதன். நடுவில் நடந்த பதிவுகளை வவுச்சர் வவுச்சராக மறுபடி ஏற்றினோம். நான்கு நாள், ராத்திரி பத்து மணி வரை. சம்பளம் இரண்டு நாள் தள்ளிப் போனது. யூனியன் கொடி பிடித்தது. தலைமை அலுவலகத்திலிருந்து போன் மேல் போன். யாராவது ஒருவர் தலை உருள வேண்டும் இல்லையா? அந்தத் தம்பிக்குச் சார்ஜ் மெமோ வந்தது. குற்றச்சாட்டு, கடமையில் கவனக்குறைவு.

அவன் சர்வீஸில் சேர்ந்து இரண்டு வருடம். அப்பா இல்லை, தங்கைக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மெமோவை என் மேஜையில் வைத்துவிட்டு, "வேலை போயிடுமா சார்?" என்று மட்டும் கேட்டான்.

விசாரணையில் என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். அந்த இரண்டு கட்டளைகளையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் அச்சடித்து எடுத்துக்கொண்டு போனேன். விசாரணை அதிகாரி நல்ல மனிதர், கணக்குப் பிரிவிலிருந்து வந்தவர், கம்ப்யூட்டர் தெரியாது. தாளை அவர் முன்னால் வைத்து, "இரண்டுக்கும் என்ன வித்தியாசம்னு சொல்லுங்க சார்" என்றேன்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒண்ணுல கொஞ்சம் தள்ளி இருக்கு. பிரிண்டிங் கோளாறா?"

"இல்லை சார். அந்தத் தள்ளி இருக்கிறதுக்குத்தான் இந்த மெமோ."

சிரித்தார். ஆனால் உடனே, "சரி, ஸ்பேஸ் பாரை அழுத்தினது அந்தப் பையன் விரல்தானே?" என்றார். ஆமாம் என்பதைத் தவிர நான் என்ன சொல்ல முடியும்? குற்றம் நிரூபணம் ஆனது என்று எழுதினார். ஒரு வருடத்துக்கு இன்கிரிமென்ட் வெட்டு. வேலை போகவில்லை. ஆனால் சர்வீஸ் புக்கில் அந்த வரி ஏறிவிட்டது. அடுத்த பதவி உயர்வுப் பட்டியலில் அவன் பெயர் வரவில்லை.

விசாரணை முடிந்த வாரம் நானும் எங்கள் புரோகிராமரும் உட்கார்ந்து ஒரு சின்ன மாற்றம் செய்தோம். யாராவது அழிக்கும் கட்டளையைத் தட்டினால் ஃபைல் அழியாது. 'குப்பை' என்ற வேறொரு டைரக்டரிக்குப் போகும். ஏழு நாள் கழித்துத்தான் அங்கிருந்து நிஜமாகவே நீங்கும். இதற்கு எங்களுக்குப் பிடித்த நேரம் அரை மணி. அதன்பின் அந்தக் குப்பையிலிருந்து எத்தனையோ முறை ஃபைல்களைப் பொறுக்கி எடுத்திருக்கிறோம். ஒருவருக்கும் மெமோ வரவில்லை. அரை மணி நேர வேலையால் தடுத்திருக்கக்கூடிய ஒன்றுக்கு ஒரு பையனின் பதவி உயர்வு போனது என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.

ஆற அமர யோசித்தால், காகித ஆபீஸ் இதைவிடப் பாதுகாப்பாக இருந்தது. பேரேட்டில் தப்பாக எழுதினால் ரப்பரால் அழிக்கக் கூடாது, பிளேடால் சுரண்டக் கூடாது. ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் சரியான தொகையை எழுதி, சுருக்கொப்பம் போட வேண்டும். கோட்டுக்கு அடியில் பழைய எண் படிக்கத் தெரிய வேண்டும். மூத்த கணக்கர்கள் இதைத் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள். மனிதன் தவறுவான் என்பது அந்த விதியின் ஆதாரம். அதை வகுத்தவர்கள் எழுத்தரின் கவனத்தை நம்பவில்லை, கோட்டை நம்பினார்கள். அதே ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அந்தப் பாடத்தை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தோம்.

'நிச்சயமா என்று ஒரு கேள்வி கேட்டால் போதுமே' என்று தோன்றும். டாஸ் கம்ப்யூட்டரில் அதைத்தான் செய்தார்கள். மொத்தமாக அழிக்கச் சொன்னால் 'நிச்சயமா? ஒய் அல்லது என்' என்று கேட்கும். முதல் நாள் படித்துப் பார்ப்போம். பத்தாவது நாள் கேள்வி வருவதற்கு முன்பே விரல் 'ஒய்' மேல் போய் நிற்கும். வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப் போனதும் 'பூட்டினோமா?' என்று சந்தேகம் வருகிறதே, அதே சமாசாரம். பழகிய கை செய்வது மூளையில் பதிவதே இல்லை. யூனிக்ஸிலும் ஒவ்வொரு ஃபைலுக்கும் கேட்க வைக்கும் ஒரு வழி உண்டு. நூறு ஃபைலுக்கு நூறு முறை கேட்டால், நூற்றியோராவது தடவை கேட்காத கட்டளையை மனிதன் தேடிப் போவான்.

டாஸில் உண்மையில் ஆபத்துக்கு உதவியது அந்தக் கேள்வி இல்லை. அதில் ஒரு ஃபைலை அழித்தால், உள்ளே இருக்கும் விவரம் உடனே போகாது. பட்டியலில் அதன் பெயரின் முதல் எழுத்தை மட்டும் ஒரு அடையாளமாக மாற்றி, 'இந்த இடம் காலி' என்று குறித்துக்கொள்ளும். பீட்டர் நார்ட்டன் என்பவர் 1982-ல் இதைப் பயன்படுத்தி, அழிந்த ஃபைலை மீட்கும் ஒரு புரோகிராம் எழுதி விற்றுப் பெரிய பணக்காரர் ஆனார். 1991-ல் வந்த டாஸ் ஐந்தாம் பதிப்பில் 'அன்டெலீட்' என்ற கட்டளையையே சேர்த்துவிட்டார்கள். அதைத் தட்டினால், 'இந்த ஃபைலின் முதல் எழுத்து என்ன?' என்று நம்மிடமே கேட்கும். சொன்னால் ஃபைல் திரும்பி வரும். கோடு கிழித்துச் சுருக்கொப்பம் போட்ட மாதிரி. மெக்கின்டாஷில் 1984-லேயே வந்த குப்பைத்தொட்டியும் விண்டோஸ் 95-ல் வந்த ரீசைக்கிள் பின்னும் இதே யோசனையில் வந்தவைதான். 'நிச்சயமா?' என்று கேட்பதைவிட 'பரவாயில்லை, திருப்பி எடுத்துக்கொள்' என்று சொல்வது மேல்.

ஃபைல்தானே, திரும்ப எழுதிக்கொள்ளலாம் என்பவர்களுக்கு ஒரு பெரிய கதை சொல்ல வேண்டும். தெராக்-25 என்பது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் இயந்திரம், கனடாவின் ஏ.ஈ.சி.எல். நிறுவனம் செய்தது. ஆபரேட்டர் பக்கத்து அறையில் எங்களுடையது போன்ற ஒரு எழுத்துத் திரை முன்னால் உட்கார்ந்து, விசைப்பலகையில் தட்டி அதை இயக்க வேண்டும்.

1986 மார்ச், டெக்சஸ் மாநிலத்தின் டைலர் நகரம். ஆபரேட்டர் எலெக்ட்ரான் சிகிச்சைக்கு 'ஈ' என்று தட்ட வேண்டிய இடத்தில், பழக்கத்தில் எக்ஸ்-ரேக்கான 'எக்ஸ்' தட்டிவிட்டார். உடனே கவனித்து, மேலே போய்த் திருத்தி, என்டர் என்டர் என்று மீதியைக் கடந்து, கதிரைப் போடும் கட்டளையைத் தட்டினார். திரையில் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. ஆனால் உள்ளே காந்தங்கள் தயாராக எட்டு நொடி ஆகும். அந்த எட்டு நொடிக்குள் செய்த திருத்தத்தை மென்பொருள் முழுசாக வாங்கிக்கொள்ளவில்லை. எக்ஸ்-ரேக்கு வேண்டிய பலமான கற்றை, நடுவில் இருக்க வேண்டிய தடுப்பு இல்லாமல் நேராக நோயாளி மேல் பாய்ந்தது.

திரையில் வந்தது 'மால்ஃபங்ஷன் 54'. அப்படியென்றால் என்ன என்று கையேட்டில் தெளிவாக இல்லை. அந்த இயந்திரம் தினமும் இப்படி ஏதாவது எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும். ஒரே நாளில் நாற்பது தடவைகூட வரும். 'தொடர்' என்பதற்கு 'பி' என்று ஒரே ஒரு எழுத்தைத் தட்டினால் போதும் என்று வைத்திருந்தார்கள். வழக்கம்போல அவர் 'பி' தட்டினார். வலியில் எழ முயன்ற நோயாளிக்கு இரண்டாவது முறையும் அடி விழுந்தது. அன்றைக்கு அந்த அறையின் கேமராவும் ஒலிபெருக்கியும் வேலை செய்யவில்லை. ஐந்து மாதத்தில் அவர் இறந்துபோனார். அடுத்த மாதமே அதே ஊரில் இன்னொருவர். 1985-லிருந்து 1987-க்குள் மொத்தம் ஆறு பேருக்கு இந்த மாதிரி அளவு மீறிய கதிர்வீச்சு.

மிகை அளவு போக வாய்ப்பே இல்லை என்றுதான் முதலில் நிறுவனம் சொன்னது. டைலர் மருத்துவமனையின் இயற்பியலாளரும் அந்த ஆபரேட்டரும் உட்கார்ந்து, அன்றைக்குத் தட்டிய அதே வேகத்தில் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்து, கோளாறை மறுபடி வரவழைத்துக் காட்டினார்கள். 1993-ல் நான்ஸி லெவஸன், கிளார்க் டர்னர் என்ற இரு ஆய்வாளர்கள் இதை முழுதாக எழுதி வெளியிட்டார்கள். அதில் என்னை உலுக்கிய விவரம் ஒன்று உண்டு. இதற்கு முந்தைய மாடலான தெராக்-20-லும் இதே மென்பொருள் பிழை இருந்தது. ஆனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதில் தனியாகக் கம்பியும் ஃப்யூஸுமாக ஒரு தடுப்பு இருந்தது. கேட் மூடாமல் கைகாட்டி இறங்காது என்று ரயில்வேயில் வைத்திருந்தார்களே, அந்த மாதிரி. புது மாடலில் 'மென்பொருள் பார்த்துக்கொள்ளும்' என்று அதை எடுத்துவிட்டார்கள். குக்கரில் வெயிட் அடைத்துக்கொண்டால் சேஃப்டி வால்வு உருகி ஆவியை விடுகிறது. 'நிச்சயமா?' என்று கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. அந்த வால்வைப் பிடுங்கிவிட்டு, சமைப்பவரிடம் கவனமாக இரு என்றால் எப்படி?

காலம் மாறியிருக்கிறதா? மாறியிருக்கிறது. 2017-ல் அடுத்தடுத்து இரண்டு சம்பவம். ஜனவரி 31 ராத்திரி, கிட்லேப் என்ற நிறுவனத்தில் ஒரு இன்ஜினீயர் களைத்துப்போய் வேலை செய்துகொண்டிருந்தார். ஒரே மாதிரிப் பெயர் கொண்ட இரண்டு சர்வர்கள், பெயரின் கடைசியில் ஒன்று, இரண்டு என்பதுதான் வித்தியாசம். இரண்டில் தட்ட வேண்டிய அழிக்கும் கட்டளையை ஒன்றில் தட்டிவிட்டார். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தியும், சுமார் 300 ஜி.பி.யில் மிஞ்சியது 4.5 ஜி.பி. நகல்களைத் தேடினால் ஒன்றும் ஒழுங்காக இல்லை. ஆறு மணி நேரம் முன்பு வேறொரு காரணத்துக்காக ஒருவர் கையால் எடுத்து வைத்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத்துப் பதிவுகள் போயின.

அந்த நிறுவனம் மெமோ கொடுக்கவில்லை. நடந்ததை ஒளிக்காமல் ஊருக்கே எழுதிக் காட்டியது, மீட்பு வேலையை நேரலையில் ஒளிபரப்பியது. அறிக்கையில் அந்த இன்ஜினீயரின் பெயர்கூட இல்லை. செய்ய வேண்டியவை பட்டியலில், எந்த சர்வரில் நிற்கிறோம் என்று பளிச்சென்று தெரிகிற மாதிரி திரையை மாற்றுவதும் ஒன்று.

அடுத்த மாதம், பிப்ரவரி 28. அமேசானில் ஒருவர் சில சர்வர்களை நீக்கத் தட்டிய கட்டளையில் ஒரு உள்ளீடு தப்பாகி, நினைத்ததைவிட மிக அதிகமான சர்வர்கள் விலகின. சுமார் நான்கு மணி நேரம் அமெரிக்காவில் எத்தனையோ இணையதளங்கள் படுத்துவிட்டன. எல்லாம் நலம் என்று காட்டும் அவர்களுடைய தகவல் பலகையே அதை நம்பி இருந்ததால், கோளாறு என்று காட்ட அதற்கும் முடியவில்லை! அமேசான் என்ன செய்தது? அந்தக் கட்டளை இனி மெதுவாகத்தான் சர்வர்களை நீக்கும், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகவே போகாது என்று மாற்றியது. விரலைத் திருத்தாமல் கட்டளையைத் திருத்தினார்கள். எங்கள் விசாரணை அதிகாரிக்கு இதைக் காட்ட முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

யூனிக்ஸ் வழி வந்தவற்றிலும், மொத்த கம்ப்யூட்டரையும் அழிக்கச் சொல்லும் அந்த ஒரு பயங்கரக் கட்டளையை லினக்ஸ் 2006 வாக்கிலிருந்து சாதாரணமாக ஏற்பதில்லை. முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆயிற்று அதற்கு. மீதி இடங்களில் இரண்டெழுத்து இன்றும் இரண்டெழுத்துதான்.

'நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம், நாங்கள் கட்டளை எதுவும் தட்டுவதில்லையே' என்கிறீர்களா? தட்டுகிறீர்கள். செல்போனில் எண்களை அழுத்தும் இடம் இருக்கிறதே, அதுவும் ஒரு கட்டளைத் திரைதான். நட்சத்திரம், எண், வேலி மாதிரி இருக்கும் ஹாஷ் குறி, இதெல்லாம் கலந்து அழுத்தினால் அது போன் நம்பர் இல்லை, கம்பெனிக்குப் போகும் உத்தரவு.

இதை வைத்து ஒரு மோசடி நடந்தது. கூரியர் என்றோ, நெட்வொர்க் கம்பெனி என்றோ பேசி, 'சார், *401* போட்டு இந்தப் பத்து எண்ணை அழுத்துங்க' என்பார்கள். அழுத்தினால், உங்களுக்கு வரும் அழைப்புகள் எல்லாம் அந்தப் பத்து எண்ணுக்குத் திரும்பிவிடும். வாட்ஸ்அப் போன்றவை ஓ.டி.பி.யைக் குரல் அழைப்பில் சொல்லும்போது அதைக் கேட்பவன் திருடன். 'உங்கள் அழைப்புகள் எல்லாம் வேறொருவருக்குப் போகும், சம்மதமா?' என்று தமிழில் ஒரு வார்த்தை முன்கூட்டிக் கேட்கும் ஏற்பாடு இல்லை. அதே இரண்டெழுத்துக் குணம். தொலைத்தொடர்புத் துறை 2024 ஏப்ரல் 15 முதல் இந்த வழியாக அழைப்பைத் திருப்பும் வசதியை நிறுத்தி வைக்கச் சொல்லி கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது. கவனமாக இருங்கள் என்று அறிவுரை சொல்வதோடு நிற்காமல் வழியையே அடைத்தார்கள். இதைத்தான் நான் பாதுகாப்பு என்கிறேன்.

உங்கள் போனில் ஏற்கனவே யாராவது இப்படிச் செய்திருக்கிறார்களா என்று தெரிய, பெரும்பாலான இணைப்புகளில் *#21# அழுத்தினால் போதும். அழைப்பு வேறெங்காவது திருப்பப்பட்டிருக்கிறதா என்று காட்டும். ##002# அழுத்தினால் எல்லாத் திருப்பல்களும் ரத்தாகும். நீங்களே மகன் நம்பருக்குத் திருப்பி வைத்திருந்தால் அதுவும் போய்விடும், பார்த்துக்கொள்ளுங்கள். சந்தேகமாக இருந்தால் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்குப் போட்டுக் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. நம் வயதுக்காரர்கள் ஏ.டி.எம்.மிலோ, டிக்கெட் எடுக்கும் ஆப்பிலோ எதையாவது தப்பாக அழுத்திவிட்டால், உடனே 'எனக்கு வயசாகிவிட்டது, புத்தி மட்டு' என்று தன்னைத்தானே திட்டிக்கொள்கிறார்கள். பக்கத்தில் நிற்கும் பேரனும் அதை ஆமோதிக்கிறான். கிட்லேப் இன்ஜினீயருக்கு வயசாகவில்லை. அமேசான்காரருக்குப் புத்தி மட்டு இல்லை. அடுத்த தடவை அப்படி ஆனால், திட்டிக்கொள்வதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். நான் எங்கே நிற்கிறேன் என்று இந்தத் திரை சொன்னதா? அழுத்தினால் என்ன ஆகும் என்று முன்கூட்டிச் சொன்னதா? தப்பாகிவிட்டால் திரும்பி வர வழி வைத்ததா? மூன்றுக்கும் இல்லை என்பது பதிலானால், பேங்க் மேனேஜரிடம் அதைப் புகாராகவே எழுதிக் கொடுங்கள். தேதி போட்டு, நகலில் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதெல்லாம் நமக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம் அல்லவா?